அம்மாவோடு பறவை பார்க்கப் போனது

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் அது பயாவுக்குத்தான். புத்தர் கோபுரத்தை இங்கே பர்மாவில் பயா என்போம். இந்துவானாலும் பௌத்தரானாலும் நாலு நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தால், தெருக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, பாய், பானை, பலகாரத்தோடு ஏதாவது ஒரு பயாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். சின்ன வயதில் நான் போன ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரு பொன்னிறக் கோபுரம் இருந்தது. அப்படி ஒன்று இல்லாத ஊருக்கு யாராவது சும்மா போவார்கள் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

எனக்குப் பறவைப் பித்து பிடித்தது கொரோனா நோய்க்காலத்தில். ரங்கூன் என்கிற யாங்கோன் முழுக்கக் கதவை அடைத்துக்கொண்டு கிடந்த மாதங்கள் அவை. எங்கள் வீடு ஆறாவது மாடியில் இருக்கிறது. கீழே இறங்க முடியாதபோது பால்கனிதான் கடைவீதி, பூங்கா எல்லாம். காய்கறிக்காரி தெருவில் நின்று கூவினால், பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் பையைக் கட்டிவிட்டுச் சரக்கை மேலே இழுத்துக்கொள்வோம். அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் குருவிகளுக்காக ஒரு நெற்கதிர்க் கொத்து தொங்கும். எல்லா வீட்டிலும் தொங்குவதுதான். அதுவரை நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் வேறு வேலை இல்லாமல் பார்த்தேன். சிட்டுக்குருவியின் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பதைக் கண்டேன். முப்பத்தெட்டு வயதில் அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து விடவில்லை. சாயங்காலம் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும் கிளிகள், தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்காரும் பருந்து, எதிர் வீட்டு ஏசிப் பெட்டிக்கு அடியில் கூடு கட்டிய மைனா என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்துகொண்டன. ஊர் திறந்ததும் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினேன். என் கணவர், பர்மியர், லைங் தாயாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், அதை என் கழுத்தில் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குக் கூடவே வருவார்.

அப்படி இருக்கையில், பறவை பார்க்க ஆட்களை அழைத்துப் போகும் ஒரு சின்னக் குழுவைப் பற்றித் தெரிந்தது. பெகு தாண்டி மோயுன்ஜி ஏரி. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கும் இடம். சனிக்கிழமை காலை கிளம்பி, ஏரி மேல் மரக்கால்கள் நட்டுக் கட்டிய விடுதியில் ஓர் இரவு தங்கி, ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு. எனக்கும் அவருக்கும் சேர்த்து இடம் சொல்லிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தொழிற்சாலையிலிருந்து போன் செய்தார். கப்பலுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு முடியவில்லை, சனி ஞாயிறு இரண்டு நாளும் வேலை. குரலிலேயே அவர் முகம் தொங்கியிருப்பது தெரிந்தது. நான் போனை வைத்துவிட்டு, "பெகு பக்கம் ரெண்டு நாள் பயணம், ஒரு இடம் வீணாப் போகுதே" என்று எங்களோடு இருக்கும் அம்மாவிடம் புலம்பினேன்.

அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். எங்கள் வட்டாரத்துப் பெண்களுக்கெல்லாம் அம்மாதான் ரவிக்கை தைப்பவள்.

"பெகுவுக்கா? நான் வர்றேன்டி. அங்க போயி எத்தனை வருஷமாச்சு."

எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. அப்பா போன பிறகு அம்மா மார்க்கெட்டைத் தாண்டி எங்கும் போனதில்லை. "காலையில இருட்டோட கிளம்பணும்மா" என்றேன். "எனக்குச் சொல்லித் தரியா?" என்றபடி மெஷினை மூடினாள்.

விடியற்காலையில் நான் மண்ணிறச் சட்டையும் பழைய கால்சட்டையும் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தேன். மங்கலான நிறத்தில் உடுத்தி வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். குங்குமச் சிவப்புப் பட்டுப்புடவை. தலையில் ஒரு முழம் மல்லிகை. காலில் கொலுசு. கையில் ஒரு மூங்கில் தட்டு, அதில் பச்சைத் தேங்காயும் வாழைச் சீப்புகளும் ஊதுவத்தியும். பக்கத்தில் இரண்டு தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறும் வடையும்.

"இவ்வளவு எதுக்கும்மா?" என்றேன்.

"வெறுங்கையோட போக முடியுமா?" என்றாள்.

விருந்தினராகப் போகிறோம் என்று நினைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணினேன். புடவையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாள் கழித்து அவள் அலங்கரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் மனசு வரவில்லை. கீழே வேன் ஹாரன் அடித்துவிட்டது.

வேனில் எங்களையும் ஓட்டுநரையும் தவிர மூன்றே பேர். வழிகாட்டி ஒரு பர்மியப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, தொப்பி போட்டிருந்தாள். மற்ற இருவர் கணவன் மனைவி. அவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், ஒல்லியான மனிதர், மடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கேமரா. அவர் மனைவி அதற்கு நேர்மாறாகப் பூசினாற்போல் இருந்தார், எதற்கெடுத்தாலும் சிரித்தார். எல்லோரும் காய்ந்த இலை நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். அம்மா ஏறியதும் வேனுக்குள் மல்லிகை மணம் நிறைந்துவிட்டது. மருத்துவர் ஒரு தும்மல் போட்டார்.

வழிகாட்டிப் பெண் அம்மாவின் புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அமே, வசதியா இருக்கா?" என்றாள். பர்மிய மொழியில் அம்மாவை அப்படித்தான் அழைப்பது. அம்மாவும் உடனே "இருக்கு தமீ" என்று அவளை மகளாக்கிக்கொண்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதுமே தூக்குச்சட்டி திறந்துவிட்டது. ஓட்டுநருக்கு வடை, வழிகாட்டிக்கு வடை, மருத்துவர் மனைவிக்கு இரண்டு. மருத்துவர் மட்டும் வேண்டாம் என்று கைகூப்பினார். அம்மா ஊர்க்கதைகளை எல்லாம் பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தாள். சோதனைச் சாவடியில் எட்டிப் பார்த்த காவலருக்குக்கூட ஒரு வடை கொடுத்தாள். அவரும் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பெகு வந்தது. காலை வெயிலில் ஷ்வேமோடோ கோபுரம் பொன்னாக மின்னியது. அம்மா இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி முணுமுணுத்தாள். கண்ணைத் திறந்தபோது கோபுரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஏண்டி, வேன் திரும்பலையே?"

"எங்க திரும்பணும்?"

"பயாவுக்கு!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புடவை, பூ, தேங்காய்த் தட்டு எல்லாமே ஒரே நொடியில் புரிந்தது.

"அம்மா, நாம பயாவுக்குப் போகலை. ஏரிக்குப் போறோம். பறவை பாக்க."

"பறவையா? எந்தப் பறவை?"

"எல்லாப் பறவையும்."

"வாங்கவா?"

"இல்லம்மா. பாக்க."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வீட்டுக்கு வருவோம்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த தேங்காயைப் பார்த்தாள். "நம்ம ரங்கூன்ல காக்கா இல்லையா, குருவி இல்லையா? அதைப் பாக்கவா வேன் ஏறி வந்தோம்?" என்று அடிக்குரலில் தமிழில் கேட்டாள்.

நாங்கள் பேசியது புரியாவிட்டாலும் வழிகாட்டிப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "அமே, வண்டியைத் திருப்பச் சொல்லட்டுமா? ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்" என்றாள்.

"வேண்டாம் தமீ. எனக்காக எல்லாரும் காத்திருக்கக் கூடாது. திரும்பும்போது பாத்துக்கலாம்" என்றாள் அம்மா, மிக இனிமையாக. அதற்கப்புறம் ஏரி வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மோயுன்ஜி ஏரி கரை தெரியாமல் விரிந்து கிடந்தது. தண்ணீருக்கு மேல் லேசான பனி. எருமைகள் வயிற்றளவு தண்ணீரில் நின்று தாவரங்களைத் தின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு எருமை மேலும் ஒரு கொக்கு. விடுதியில் பைகளை வைத்துவிட்டு, மரப் படகு ஒன்றில் ஏறினோம். படகுக்காரர் பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழிகாட்டிப் பெண் தன் பச்சை மழைக்கோட்டை எடுத்து, "அமே, காத்து குளிரும்" என்று சொல்லி அம்மாவின் பட்டுப்புடவையை மூடிவிட்டாள். கெட்டிக்காரி. கொலுசை அம்மா தானே கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். மல்லிகையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதல் அரை மணி நேரம் சங்கடமாகத்தான் போனது. அம்மாவுக்கு மௌனம் பழக்கமில்லை. படகு மெல்லப் போக, மருத்துவர் கேமராவைத் தூக்க, அம்மா "அதோ பாருங்க, வெள்ளையா ஒண்ணு!" என்பாள். வெள்ளையாயிருந்த ஒன்று பறந்துவிடும். மருத்துவர் கேமராவைக் கீழே இறக்குவார். மூன்றாவது தடவை அவர் திரும்பி, மரியாதையாகத்தான், "அமே, கொஞ்சம் சத்தமில்லாம வந்தா நல்லா இருக்கும்" என்றார். அம்மா உதட்டை மடித்துக்கொண்டாள். என் பைனாகுலரைக் கொடுத்தேன். அதைக் கண்ணில் வைத்ததும் அவளுக்கு இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொண்டன. "ஒரே இருட்டா இருக்கு. இதுக்கா காசைக் கொட்டினே?" என்றாள். என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்ததே எனக்குப் போதுமாயிருந்தது.

அப்புறம் தாமரை இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு நீலத் தாழைக்கோழி வெளியே வந்தது.

பெரிய கோழி அளவு இருக்கும். உடம்பு முழுக்க நீலமும் ஊதாவும் கலந்து பளபளக்கும். நெற்றியில் அலகோடு சேர்ந்தாற்போல் ரத்தச் சிவப்பில் ஒரு பட்டை. அது எங்களைப் பார்த்து அவசரப்படாமல், ஒரு தண்டை ஒடித்து, ஒரு காலால் மனிதர் கையில் பிடிப்பதுபோல் பிடித்து, நின்று நிதானமாகத் தின்றது.

அம்மா என் தொடையைப் பிடித்து இறுக்கினாள். "ஏண்டி… பொட்டு வச்சிருக்கு!"

ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மாவின் ரகசியம் எதிர்க்கரைக்குக் கேட்கும். தாழைக்கோழி நிமிர்ந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டைத் தொடர்ந்தது. "நீலப்பட்டு கட்டிக்கிட்டு, நெத்தி நிறையக் குங்குமம் வச்சுக்கிட்டு, சம்பந்தி வீட்டுப் பந்தியில உக்காந்த மாதிரி சாப்பிடுது பாரு." இதை அவள் பர்மிய மொழியிலும் சொல்ல, மருத்துவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கியதில் படகே ஆடியது. மருத்துவர் முறைத்தார். ஆனால் அவர் கேமரா அதற்குள் பட்பட்டென்று படம் எடுத்து முடித்திருந்தது.

அதிலிருந்து அம்மாவுக்குக் கண் திறந்துகொண்டது. பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியோடே பார்த்தாள். தாமரை இலை மேல் நடந்துபோன சின்ன இலைக்கோழி ஒன்றை வழிகாட்டிப் பெண் காட்டினாள். நீண்ட நீண்ட விரல்கள். இலை அமுங்குவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும்.

"இதுல அப்பா பறவைதான் அமே முட்டையை அடைகாக்கும். குஞ்சையும் அதுதான் வளர்க்கும். அம்மா பறவை முட்டை போட்டுட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போயிடும்" என்றாள்.

அம்மாவுக்கு அதை நம்பவே முடியவில்லை. "நெசமாவா? அப்பன்காரனேவா?"

"நெசம்தான்."

அம்மா மருத்துவர் பக்கம் திரும்பினாள். "ஸயா, நீங்க உங்க வீட்டுல எத்தனை நாள் புள்ளை பாத்தீங்க?"

மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் மரியாதையாக அழைக்கும் சொல் ஸயா. அந்த மரியாதையோடுதான் அம்மா கேட்டாள். மருத்துவர் மனைவியைப் பார்த்தார். "ஒரு நாள்" என்றார் மனைவி. "அன்னிக்கும் தூங்கிட்டார்." அன்று மருத்துவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்தபோது அவருடைய பற்கள் மிக அழகாக இருந்தன.

ஏரியின் நடுப்பகுதிக்கு வந்தபோது மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. தண்ணீருக்குள் சுழலும் அதன் விசிறியில் தாமரைத் தண்டும் பாசியும் கயிறாகச் சுற்றிக்கொண்டுவிட்டன. படகு இலைக்கூட்டத்துக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. படகுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவுதான் ஆழம். "கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, கத்தியால் ஒவ்வொரு தண்டாக அறுக்கத் தொடங்கினார்.

மோட்டார் சத்தம் போனதும் ஏரியின் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு தவளை. இலைகள் உரசும் ஓசை. எருமை ஒன்று மூச்சு விடுவது. அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். இந்தத் தடவை மருத்துவரும் கையை நீட்டினார். வாழை இலைத் துண்டில் புளிச்சோற்றை வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு அவர் தானாகவே இன்னொரு முறை நீட்டினார்.

நாங்கள் அசையாமல் இருக்க இருக்க, பறவைகள் எங்களை மறந்துவிட்டன. முதலில் தாழைக்கோழிகள் வந்தன. அப்புறம் நீர்க்காகம் ஒன்று படகிலிருந்து எட்டித் தொடும் தூரத்தில் முங்கி எழுந்தது. அப்புறம் சீழ்க்கைத்தாராக்கள், இரண்டும் மூன்றுமாக நீந்தி நீந்தி, இலைகளுக்கு இடையில் எங்களைச் சுற்றி நிறைந்தன. பழுப்பு நிறம், தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணமான வாத்து. அம்மா படகின் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"விலாவுல பாருடி" என்றாள். இந்தத் தடவை உண்மையாகவே ரகசியம். "ஒவ்வொரு இறகுக்கும் ஓரத்துல சந்தன கலர்ல பைப்பிங் வச்சிருக்கு. எல்லாம் ஒரே அளவு. ஒண்ணுகூடக் கோணல் இல்ல."

நான் குனிந்து பார்த்தேன். அம்மா சொன்னது போலவேதான் இருந்தது. எத்தனை தடவை படத்தில் பார்த்த வாத்து, எனக்கு அந்த ஓரம் கண்ணில் பட்டதே இல்லை.

"வடையைப் பிச்சுப் போடவா தமீ?" என்று அம்மா வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டாள்.

"வேண்டாம் அமே. நம்ம சாப்பாடு அதுங்களுக்கு ஒத்துக்காது. பழகிட்டா மனுஷங்களையே எதிர்பார்க்கும். அப்புறம் பிடிக்கிறவங்க கையிலேயும் போய் மாட்டிக்கும்."

அம்மா வடையைத் தூக்குச்சட்டிக்குள் திருப்பி வைத்தாள். "சரி. இது அதுங்க வீடு. அதுங்க இஷ்டம்."

அப்போதுதான் மேலே ஒரு பூனைப்பருந்து வந்தது. சிறகைச் சாய்த்து, இலைகளுக்கு மேல் தாழ்வாக, எதையோ தேடுவதுபோல் மிதந்து வந்தது. ஒரு கணம் ஏரி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அடுத்த கணம் எல்லாம் எழும்பிவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வாத்துகள் மட்டுமல்ல, நாங்கள் பார்க்காத இலைமறைவுகளிலிருந்தெல்லாம் வாத்துகள், ஆயிரக்கணக்கில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தன. வானம் இருண்டது. அத்தனையும் சீழ்க்கை அடித்துக்கொண்டே எங்கள் தலைக்கு மேல் வட்டம் போட்டன. சிறகடிப்பின் காற்று முகத்தில் பட்டது. சாரல் தெறித்தது. நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மருத்துவர் கேமராவை மடியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"அமே, உட்காருங்க!" என்று வழிகாட்டிப் பெண் கத்தினாள். நான் மழைக்கோட்டைப் பிடித்தேன். மழைக்கோட்டு கையோடு வந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி, வாத்துகள் சுற்றும் பக்கமெல்லாம் தானும் சுற்றிய அம்மா, அரை வட்டத்தில் நிலை தடுமாறி, சிவப்புப் பட்டுப்புடவையோடு தொபுக்கென்று ஏரிக்குள் விழுந்தாள்.

என் உயிரே போய்விட்டது. ஆனால் படகுக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அம்மா முழுகி எழுவதற்குள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார். சேறு வழிய, மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்க, தோளில் ஒரு தாமரை இலையோடு அம்மா நின்றாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம்.

அம்மா சிரித்தாள். சின்னச் சிரிப்பாகத் தொடங்கி, நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படகுக்காரர் சிரித்தார், மருத்துவர் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அமே, அடிபடலையே?" என்று மருத்துவர் கேட்க, அம்மா பர்மிய மொழியில், "ஸயா, பல் எல்லாம் இருக்கான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றாள். அவ்வளவுதான், அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அப்பா இருந்த காலத்தில் கேட்ட சிரிப்பு அது. தலைக்கு மேல் வாத்துகள் இன்னும் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

சாயங்காலம் விடுதியின் கைப்பிடிக் கம்பியில் பட்டுப்புடவை நீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா வழிகாட்டிப் பெண்ணின் மாற்று லுங்கியையும் (இங்கே பெண்களும் கட்டுவதுதான்) கொக்குப் படம் போட்ட ஒரு டீ-சட்டையையும் போட்டுக்கொண்டு, இஞ்சி டீ குடித்தாள். சூரியன் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாகக் கொக்குகள் அடையப் போயின.

"கோபமா இருக்கியாம்மா?" என்றேன்.

"காலையில இருந்துச்சு. உன்னை ஏரியில தள்ளலாம்னு நினைச்சேன். நானே விழுந்துட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தாள். "கழுத்து வலிக்குதுடி."

"விழுந்ததுலயா?"

"இல்ல. மேலேயே பாத்துட்டு இருந்ததுல. மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு ஒரு வலி இருக்கும் பாரு, அது பின்பக்கம். இது முன்பக்கம் வலிக்குது." கழுத்தைத் தடவிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் பொழுது புலர்வதற்கு முன் என்னை உலுக்கி எழுப்பியது அம்மாதான். "எந்திரி, எந்திரி. வாத்தெல்லாம் எந்திரிச்சிருக்கும்." அவள் ஏற்கெனவே பச்சை மழைக்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

அன்று படகில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. படகின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எதையாவது கண்டால் விரலை மட்டும் நீட்டினாள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த மருத்துவர், திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"அமே, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேனே."

"அப்புறம் ஏன் பேச மாட்டேங்கறீங்க? அந்த நாரையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

அலகு நடுவில் இடைவெளியோடு, மூட முடியாத கத்தரிக்கோல் மாதிரி நின்றது ஒரு நத்தைகுத்தி நாரை. அம்மா அதை ஏற இறங்கப் பார்த்தாள். "சாணை பிடிக்காத கத்திரிக்கோலு" என்றாள். "எங்க தெருவுல சாணைக்காரன் வருவான், அனுப்பி வைக்கிறேன்." மருத்துவர் திருப்தியாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஷ்வேமோடோவில் வேனை நிறுத்தினார்கள். இரண்டு நாள் பயணத்தில் வாழைச் சீப்பு கொஞ்சம் கறுத்திருந்தது. அம்மா அதையே படைத்து, மருத்துவர் குடும்பத்துக்கும் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டாள். என் கணவருக்குத் தொழிற்சாலையில் சீக்கிரம் லீவு கிடைக்கவும் வேண்டினாள்.

லீவு உடனே கிடைக்கவில்லை; அடுத்தடுத்துச் சரக்கு வந்து ஞாயிறும் வேலையாகவே போயிற்று. அந்த வருடம் மழை பிடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அதற்குள் வழிகாட்டிப் பெண்ணும் அம்மாவும் போனில் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார்கள். யார் கேட்டாலும் அம்மா அவளைத் தன் தமீ என்பாள். த்வாண்டே போகும் சாலையில் வயல்களில் நாரைகள் இறங்கியிருக்கின்றன என்று அந்தப் பெண்தான் சொல்லியிருக்கிறாள். காலையில் நாங்கள் எழுந்தபோது அம்மா மூன்று குடையை வாசலில் வரிசையாக வைத்திருந்தாள்.

படகேறி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போய், அங்கிருந்து ஒரு மூன்று சக்கர வண்டி பிடித்தோம். தூறிக்கொண்டிருந்தது. சாலையின் இருபக்கமும் வயல்களில் தண்ணீர் நிறுத்தி உழுதுகொண்டிருந்தார்கள். ஒரு வளைவு திரும்பியதும் அம்மா ஓட்டுநரின் முதுகைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். சின்ன உழவு வண்டி ஒன்று சேற்றைப் புரட்டிக்கொண்டு போக, அதன் பின்னாலேயே நூற்றுக்கணக்கான நாரைகள், கூலியாட்கள் போல வரிசையாக, புரண்ட மண்ணில் நத்தை பொறுக்கிக்கொண்டு நடந்தன. என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். என் கழுத்திலிருந்த பைனாகுலரை அவரே கழற்றி எடுத்துக்கொண்டார்.

உழுதுகொண்டிருந்த விவசாயி எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். நிலம் வாங்க வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். "யாரைப் பாக்கணும்?" என்று உரக்கக் கேட்டார்.

"நாரையைப் பாக்க வந்தோம்!" என்றாள் அம்மா.

அவர் திரும்பித் தன் பின்னால் நின்ற நாரைகளைப் பார்த்தார். "இதையா? இது தினமும்தான் வருது."

"உங்களுக்குத் தினமும் வருது. எங்களுக்கு இன்னிக்குத்தான் லீவு."

அவர் சிரித்துக்கொண்டே, வரப்பு வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று கையைக் காட்டினார். அம்மா செருப்பை என் கணவரிடம் கொடுத்தாள். குடையை ஊன்றிக்கொண்டு, லுங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, முதல் ஆளாக வரப்பில் இறங்கி நடந்தாள்.